புதுப்பிப்பு: ஹற்றன் – நோர்வூட் – மஸ்கெலியா நடை முடிந்தது, மணற்காட்டுப் பயிற்சியே கைகொடுத்தது

மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு, ஹற்றனிலிருந்து காசல்றி நீர்த்தேக்கக் கரையோரமாக நோர்வூட்டுக்கும் பின்னர் மஸ்கெலியாவுக்கும் நடப்பதற்கு எவ்வாறு பழகுவது, அட்டைக்கடியை எவ்வாறு தவிர்ப்பது என்று முன்னர் இத்திரியில் கேட்டிருந்தேன். பதிலளித்த உறவுகள் அனைவருக்கும் நன்றி. நடை நல்லபடியாக நிறைவேறியது.

மிகவும் பயன்பட்டது, வடமராட்சி கிழக்கின் மணற்காட்டு மணல்மேடுகளில் தண்ணீர்ப் போத்தல்கள் நிரப்பிய பையைச் சுமந்து ஏறி இறங்குமாறு ஒருவர் கூறிய யோசனையாகும். கால் புதையும் மணலில் பழகியிருந்ததால் தேயிலைத் தோட்டத்து ஏற்றங்களில் மூச்சு வாங்கவில்லை. ஆனால் இறக்கம் வேறு கதை: மணல் இளகிக் கொடுக்கும், தோட்டத்துக் கற்படி கொடுக்காது. முழங்கால் நோவைத் தாங்க ஊன்றுகோல்தான் உதவியது.

அட்டைக்குக் காலுறையில் சவர்க்காரம் தேய்ப்பது முதல் மழையுடன் கழுவுண்டு போயிற்று; காற்சட்டையின் நுனியை உள்ளே செருகி, முழங்கால்வரை இறுக்கமாக அணியும் அடர்துணிக் காலுறையே காப்பாற்றியது.

எதிர்பாராதது மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் காத்திருந்தது. நீர்மட்டம் தாழ்ந்திருந்தமையால், அணை கட்டியபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் கோயில் எச்சங்கள் சேற்றுக்கு மேலே தெரிந்தன.

நீண்ட நடை வேண்டுவோர், கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும், 22 பகுதிகளாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பீக்கோ நடைபாதையைப் பார்க்கலாம்.