புதுப்பிப்பு: பெரியவர்களுக்கான விளையாட்டு மாலை நடந்தது, எது கைகொடுத்தது?

எங்கள் நங்கநல்லூர் ஃபிளாட்டில் இருக்கும் பெரியவர்கள் 18 பேருக்கு ஒரு விளையாட்டு மாலை நடத்த யோசனை கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி, ஞாயிற்றுக்கிழமை நடத்திவிட்டோம்.

ராத்திரி வேண்டாம், நாலரைக்குத் தொடங்கி ஆறரைக்குள் முடியுங்கள் என்றவருக்குத் தனியாக நன்றி. மாத்திரை, டிபன் எதுவும் தவறவில்லை. தம்போலா (கூப்பிடும் எண்களைச் சீட்டில் குறிக்கும் ஆட்டம்) சீட்டைப் பெரிய எழுத்தில் அடிக்கச் சொன்னதுதான் நன்றாக வேலை செய்தது. ஏ4 தாளுக்கு ஒரே சீட்டு, அதில் 15 எண்கள், பேனாவுக்குப் பதில் புளியங்கொட்டை, அதனால் கை நடுங்குபவர்களுக்கும் சிரமமில்லை, ஃபேன் காற்றுக்கும் பறக்காது. எண்ணை இரண்டு தடவை சொல்லி, பலகையிலும் எழுதினோம்.

ரம்மி சரிவரவில்லை. 13 சீட்டை விரித்துப் பிடிக்க விரல் வலிக்கிறது என்றார்கள்.

எதிர்பாராதது பல்லாங்குழி. சும்மா ஓரமாகத்தான் வைத்திருந்தேன். பார்வை ரொம்பக் குறைந்துபோன மூன்றாம் மாடிப் பாட்டி, குழிக்குள் விரலை விட்டே சோழியை எண்ணி, 14 குழியிலும் எங்கே எத்தனை என்று மனசிலேயே வைத்துக்கொண்டு, வரிசையாக மூன்று பேரை ஜெயித்தார். அப்புறம் என் கையைப் பிடித்து, "நீ உட்காரேன்டி, இன்னொரு ஆட்டம் போடலாம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நடத்தப் போகிறவர்களுக்கு ஒன்று: கைப்பிடி இல்லாத நாற்காலி வேண்டாம், எழுந்திருக்கக் கஷ்டப்பட்டார்கள். அடுத்த மாதம் இரண்டு பல்லாங்குழி வைக்கிறோம்.