பழைய 206 பிக்கப்பை மகளோடு சேர்ந்து வீட்டிலேயே ஓட வைக்கலாமா, வேண்டாமா?

தோப்புக்காரன்:
பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்பில் அப்பா 1991-ல் வாங்கிய டாடாமொபைல் 206 பிக்கப் ஒன்று நிற்கிறது. தேங்காயும் உர மூட்டையும் சுமந்த வண்டி. அப்பாவுக்கு முடியாமல் போன பிறகு யாரும் எடுக்கவில்லை, கொட்டகையிலேயே நின்றுவிட்டது. மகள் பத்தாவது பரீட்சை முடித்திருக்கிறாள். "இதை நாமே ஓட வைக்கலாமாப்பா?" என்று அவள்தான் கேட்டாள். மோட்டார் பம்பு, பவர் டில்லர் எல்லாம் நானே பிரித்து மாட்டுவேன், ஆனால் வண்டி வேலை முழுதாகச் செய்ததில்லை. மச்சான் "பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் பொழப்பைப் பார்" என்கிறார். வீட்டுக்காரி பாதி சம்மதம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கணக்கு வாத்தியார்:
மச்சான் சொல்வதுதான் சரி. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள் என்று பெற்றோர் எல்லாரும் ஒரு வருடம் லீவு கிடைத்த மாதிரி பேசுகிறீர்கள். பதினொன்றாவது கணக்கும் இயற்பியலும் நழுவினால் பன்னிரண்டில் பிடிக்கவே முடியாது, வகுப்பறையில் தினமும் பார்க்கிறேன். அப்புறம் இந்த மாதிரி வேலை லீவோடு முடியாது. ஜூனில் பள்ளி திறக்கும்போது வண்டி பிரித்தபடி கிடக்கும், மகள் மனசும் அங்கேயே கிடக்கும்.

ரிங் ஸ்பேனர்:
வாத்தியார் சார், முடியாமல் கிடந்தால்தான் என்ன? பரீட்சைக்கும் பரீட்சைக்கும் நடுவே ஒரு பிள்ளை தானாக ஒன்றைக் கேட்டிருக்கிறாள். அதுவும் போன் கேட்கவில்லை, ஸ்பேனர் கேட்டிருக்கிறாள்.

தோப்புக்காரன் அண்ணா, பழகுவதற்கு 206 நல்ல வண்டி. 1988-ல் வந்தது. அதன் அடித்தளத்தில்தான் 1991-ல் டாடா சியரா காரும் அடுத்த வருடம் டாடா எஸ்டேட் காரும் வந்தன. 1948 சிசி டீசல் இன்ஜின், கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் தொல்லை கிடையாது. டீசல் வருகிறதா, காற்று போகிறதா, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று இறுகுவது) இருக்கிறதா, இந்த மூன்றையும் பார்த்தால் முக்கால்வாசி விடை கிடைத்துவிடும். பாகங்களுக்குக் கோவை உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் ஒரு நாள் சுற்றுங்கள், மகளையும் கூட்டிப் போங்கள். சியரா பாகம் என்று கேட்டால் சில கடைக்காரர்கள் விலையை ஏற்றுவார்கள், 206 என்றே கேளுங்கள்.

எடுத்த எடுப்பில் செல்ஃப் அடித்துவிடாதீர்கள். ரொம்ப நாள் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங் துருப்பிடித்து ஒட்டியிருக்கும். ஹீட்டர் பிளக்கை (ஸ்டார்ட் ஆக சிலிண்டரைச் சூடேற்றும் பிளக்) கழற்றி அந்த ஓட்டை வழியாக ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஆயில் விட்டு இரண்டு நாள் விடுங்கள். பிறகு இன்ஜின் முன்னால் இருக்கிற கிராங்க் புல்லிச் சக்கரத்தின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். முழுசாக இரண்டு சுற்று லேசாக வந்தால் இன்ஜின் உயிரோடு இருக்கிறது. அந்தச் சுற்றை அவளையே செய்யச் சொல்லுங்கள். உள்ளே பிஸ்டன் எப்படி நகர்கிறது என்று கை சொல்லும்.

பட்டறை மணி:
நான் படிக்காதவன், தப்பாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதில் பட்டறைக்குப் போனேன். முதல் வருடம் முழுக்க டீசலில் போல்ட்டு கழுவினேன். விரல் இடுக்கெல்லாம் வெடித்து ராத்திரி சோறு பிசைய முடியாது, அம்மாதான் ஊட்டும். இங்கே எல்லாரும் அனுபவம், அனுபவம் என்கிறீர்கள். எங்களுக்கு அதன் பெயர் குடும்பக் கஷ்டம். 14 வயதுக்குக் கீழே எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்று 2016-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அது முன்னாடியே வந்து யாராவது ஒழுங்காகப் பார்த்திருந்தால் நானும் ஏதாவது படித்திருப்பேன்.

சொந்த மகள் ஆசைப்பட்டுக் கேட்பது வேறு, அது எனக்குப் புரிகிறது. ஆனால் ரிங் ஸ்பேனர் தம்பி சொல்கிற மாதிரி அவ்வளவு சுலபம் இல்லை. டீசல் நாசிலை (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனை) கழற்றி வெளியே பிடித்து, ஸ்ப்ரே எப்படி வருகிறது என்று செல்ஃப் அடித்துப் பார்ப்பார்கள். எங்கள் பட்டறையில் ஒரு பையன் அதற்கு முன்னால் விரலைக் காட்டினான். நூறு பாருக்கு மேல் அழுத்தம். வெளியே ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான், வலி கூட இல்லை. சாயங்காலத்துக்குள் கை வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் விரலைப் பாதி எடுத்தார்கள். இதை எந்த வீடியோவிலும் காட்டமாட்டார்கள்.

கணக்கு வாத்தியார்:
இதைத்தான் சொல்கிறேன். தொழில் தெரிந்தவரே வேண்டாம் என்கிறார்.

பட்டறை மணி:
சார், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்துகொண்டு தொடச் சொல்கிறேன்.

குமுதினி:
எனக்கு வேறொரு சந்தேகம். என் அப்பாவிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. "மகளோடு சேர்ந்து செய்கிறேன்" என்று ஊரெல்லாம் சொல்வார். நான் செய்தது டார்ச் பிடித்ததுதான். கை வலித்து வெளிச்சம் கொஞ்சம் விலகினால் திட்டு. எந்த போல்ட்டு எதற்கு என்று கேட்டால் "பேசாம பிடி". ஒரு நட்டைக்கூட நான் கழற்றியதில்லை. ஜீப் ஓடியது, அப்பாவுக்கு ஒரே பெருமை. எனக்கு இன்றைக்கும் பானெட்டைத் திறந்தாலே எரிச்சல் வரும்.

தோப்புக்காரன் அண்ணா, அவள் கேட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் நாள் ஸ்பேனர் யார் கையில் இருக்கும்? போல்ட்டு துருவில் இறுகி, அவள் அரை மணி நேரம் முக்கிக்கொண்டிருந்தால் பொறுமையாக நிற்பீர்களா, "தள்ளு, நான் பார்க்கிறேன்" என்பீர்களா?

தோப்புக்காரன்:
குமுதினி, நீங்கள் கேட்டதைப் படித்துவிட்டு வீட்டுக்காரி சிரிக்கிறாள். "தள்ளு" என்பது இந்த வீட்டில் தினமும் கேட்கிற சொல்தான். சரி, டார்ச்சை நான் பிடிக்கிறேன்.

வழிப்போக்கன்:
பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குங்க கிரீஸ் வேலை.

குமுதினி:
வழிப்போக்கன் அண்ணா, வழியைப் பார்த்துப் போங்க.

உப்புக்காற்று:
நான் தூத்துக்குடி. வேலை இருக்கட்டும், யாரும் பேப்பரைப் பற்றிப் பேசவே இல்லையே. 206 என்பது பதிவில் சரக்கு வண்டி. எட்டு வருடம் தாண்டினால் வருடா வருடம் எஃப்.சி. (ஓடத் தகுதிச் சான்று) எடுக்க வேண்டும். 15 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2022 ஏப்ரலில் இருந்து கட்டணத்தையும் நன்றாக ஏற்றிவிட்டார்கள். நிறுத்தி வைத்திருந்த காலத்துக்கு, வண்டி ஓடவில்லை என்று அப்போதே ஆர்.டி.ஓ. ஆபீசில் எழுதிக் கொடுத்தீர்களா? இல்லையென்றால் வரி பாக்கி ஏறியிருக்கும். ஒரு ஸ்பேனர் வாங்கும் முன்னால் அந்தத் தொகையைக் கேட்டு வாருங்கள்.

ரிங் ஸ்பேனர்:
விண்டேஜ் (பழம்பெரும் வண்டி) என்று பதிவு செய்துவிடலாமே? தனி நம்பர் வரிசை கொடுக்கிறார்கள்.

உப்புக்காற்று:
முடியாது தம்பி. 2021-ல் வந்த விண்டேஜ் விதி 50 வயது தாண்டிய இரு சக்கர வண்டிக்கும் ஆட்கள் போகிற நான்கு சக்கர வண்டிக்கும்தான். சரக்கு வண்டி அதில் வராது. 206-க்கு வயதும் போதாது. வந்தாலும் கண்காட்சி, ஊர்வலம், டீசல் போட, பழுது பார்க்க என்றுதான் எடுக்கலாம்.

இன்னொன்று. வண்டி ஓட ஆரம்பித்ததும் மகள் ஓட்டிப் பார்க்கக் கேட்பாள், நிச்சயம். 18 வயதாகாமல் பொது இடத்தில் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவு, 2019-ல் சேர்த்தது. பெற்றோருக்கு 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஒரு வருடம் ரத்து. அதைவிட, அவளுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. வேலி போட்ட தோப்புக்குள் ஓட்டுவது வேறு கணக்கு, கேட்டைத் தாண்டினால் இந்தக் கணக்கு.

கணக்கு வாத்தியார்:
எஃப்.சி. செலவு, வரி பாக்கி, டயர், பேட்டரி, பெயிண்ட் எல்லாம் கூட்டிப் பாருங்கள். லட்ச ரூபாயைத் தாண்டாமல் முடியாது. அந்தப் பணத்தில் பிள்ளைக்கு ஒரு நல்ல லேப்டாப்பும் இரண்டு வருடக் கோச்சிங்கும் வந்துவிடும். உணர்ச்சிவசப்பட்டுச் செலவு செய்வது உங்கள் விருப்பம், அதற்குக் கல்வி என்று பெயர் வைக்காதீர்கள்.

ரிங் ஸ்பேனர்:
கோச்சிங்கில் நெம்புகோல் தத்துவம் நாலு வரியில் முடிந்துவிடும். இறுகிய போல்ட்டுக்கு ஸ்பேனர் நுனியில் ஒரு பைப்பைச் செருகி, அது "டக்"கென்று விடும்போது...

பட்டறை மணி:
தம்பி, அங்கேயே நிறுத்துங்கள். பைப் செருகி இழுத்தால் பாதி நேரம் போல்ட்டுத் தலை முறிந்து கையில் வரும், ஆளும் பின்னால் போய் விழுவார். முதலில் துரு ஆயில் அடித்து ராத்திரி முழுக்க ஊற விடவேண்டும். வராவிட்டால் போல்ட்டுத் தலையில் சுத்தியலால் நேராக இரண்டு தட்டு. அதற்கும் வராததைப் பட்டறையில் கேஸ் வைத்துச் சூடு காட்டி எடுப்பார்கள், வீட்டில் வேண்டாம்.

வாத்தியார் சார் சொல்கிற படிப்பு, பணம் பற்றி எனக்குத் தெரியாது. தோப்புக்காரருக்கு வேலையைப் பிரித்துச் சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாப்பா தாராளமாகச் செய்யக்கூடியது: ஏர் கிளீனரைத் திறப்பது (எலி கூடு கட்டியிருக்கும், கையுறை போடுங்கள்), ஒயரிங் எங்கே கடித்திருக்கிறது என்று பார்த்து ஒவ்வொன்றாக மாற்றுவது, ஆயில், ஃபில்டர், ஹோஸ், பெல்ட். பேட்டரியில் கை வைக்கும்போது எப்போதும் நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும். டீசலில் ஏர் எடுப்பதும், அதாவது குழாயில் அடைத்த காற்றை வெளியேற்றுவதும், அவள் செய்யலாம். ஃபில்டர் தலையில் இருக்கும் திருகை லேசாகத் தளர்த்தி, கை பம்ப்பை அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் நுரையாக வரும். குமிழ் நின்று சுத்தமாக டீசல் வழியும்போது திருகை இறுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கிற வேலை அது. டயரில் தயாரித்த தேதி நாலு இலக்கத்தில் இருக்கும், முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருடம். அவளையே படிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு பட்டன் (ரோட்டைப் பிடிக்கிற மேடுகள்) மிச்சம் இருந்தாலும் அந்தப் பழைய டயரில் ரோட்டுக்குப் போகக்கூடாது.

பட்டறைக்குக் கொடுக்க வேண்டியது: டீசல் பம்ப், நாசில், பிரேக் முழுவதும், முன்பக்க டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி). பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கும். டிரம்மைக் கழற்றி ஏர் அடித்துத் தூசி பறக்க விடுவதை நானே பல வருடம் செய்தேன், இப்போது மூச்சு இழுக்கிறது. தண்ணீரில் நனைத்துத்தான் துடைக்க வேண்டும். டீசல் டேங்க்கில் ஓட்டை என்றால் வீட்டில் வெல்டிங் வைக்கவே வைக்காதீர்கள். காலி டேங்க்தானே என்பீர்கள், உள்ளே நிற்கிற ஆவிதான் வெடிக்கும்.

அப்புறம் ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்கக்கூடாது, நீங்களும்தான். நாலு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு, கீழே கெட்டியான தரை. தோப்பு மண்ணில் ஸ்டாண்டு இறங்கிவிடும்.

குமுதினி:
பெயிண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள் மணி அண்ணா. நான் நர்ஸ். இப்போது அடிக்கிற 2கே பெயிண்டில் கலக்கும் ஹார்டனரில் (பெயிண்டை இறுக வைப்பது) ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. துணி மாஸ்க்கோ மருந்துக் கடை மாஸ்க்கோ அதைத் தடுக்காது. ஒரு தடவை உடம்பு அதற்குப் பழக்கப்பட்டுவிட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலும் ஆஸ்துமா மாதிரி இழுக்கும். பழைய பெயிண்டைத் தேய்ப்பதென்றால் உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர்த் தாளில் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்க்கச் சொல்லுங்கள், பழசில் ஈயம் இருக்கலாம். பெயிண்ட் அடிப்பது வெளியே இருக்கட்டும். எந்த நிறம் என்று மட்டும் அவள் சொல்லட்டும்.

தோப்புக்காரன்:
நிறத்தில் இப்போதே சண்டை. அப்பா வண்டி வெள்ளை, அதே வெள்ளைதான் வேண்டும் என்று எனக்கு. அவளுக்குப் பச்சை.

குமுதினி:
பச்சை.

ரிங் ஸ்பேனர்:
பச்சைதான். ஆனால் நிறம் மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும், உப்புக்காற்று அண்ணா சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

கணக்கு வாத்தியார்:
எல்லாரும் கல்யாணத் தேதி குறித்துவிட்டுத்தான் பெண் பார்க்கப் போவீர்கள் போல. வண்டி தேறுமா என்று யாராவது பார்த்தீர்களா? சரி, ஒன்று கேட்கிறேன், தோப்புக்காரர் பதில் சொல்லட்டும். ஜூனில் பள்ளி திறந்த பிறகு இதற்கு எந்த நேரம்?

தோப்புக்காரன்:
ஞாயிறு காலை மட்டும், சார். பரீட்சை வாரத்தில் அதுவும் இல்லை. அவளே அப்படிச் சொல்லிவிட்டாள். முடிய ஒரு வருடமோ இரண்டு வருடமோ ஆகட்டும், தேங்காய் ஏற்ற எனக்கு வேறு வண்டி இருக்கிறது.

கணக்கு வாத்தியார்:
ஞாயிறு காலை என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. லட்ச ரூபாய் பற்றி என் கருத்து மாறவில்லை.

பட்டறை மணி:
வாத்தியார் கேட்டதில் ஒன்று நியாயம், வண்டி தேறுமா என்று முதலில் பார்க்க வேண்டும். உர மூட்டை ஏற்றிய வண்டி என்கிறீர்கள். யூரியா சிந்தி ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைத் தின்றுவிடும். பின்னால் தொட்டியின் தரை போயிருந்தால் கவலை இல்லை, புதுத் தகடு அடிக்கலாம். சேசிஸ்தான் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) முக்கியம். பின்பக்க ஸ்பிரிங் பட்டையை மாட்டியிருக்கிற தாங்கி இருக்கிறதே, அதைச் சுற்றி ஒரு முழ நீளத்துக்கு மண்ணைச் சுரண்டிவிட்டுச் சின்ன சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். டங் டங் என்று கேட்டால் நல்ல இரும்பு. சத்தம் மந்தமாகி, துரு பாளம் பாளமாக உதிர்ந்தால் உள்ளே ஒன்றும் இல்லை. சுத்தியல் உள்ளே போனால் வண்டியைத் தொடாதீர்கள், இன்ஜினை மட்டும் இறக்கி வைத்துப் பாப்பாவுக்குப் பிரித்துக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் தட்டிவிட்டுப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.