உப்புத் தண்ணீரில் நின்ற ஆக்சிலும் நான் விட்டுவைத்த மணலும்

பழைய வண்டியின் ஆக்சிலை, அதாவது சக்கரங்களைத் தாங்கும் அச்சை, கழுவி பெயின்ட் அடித்து ஜெயித்த கதைகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் கெடுத்த கதையையும் கேளுங்கள்.

வண்டி அப்பாவின் அம்பாசடர். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது, வேதாரண்யம் பக்கம் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. பின்சக்கரம் முக்கால்வாசி முழுகக் கடல் தண்ணீர். வீட்டுக் கூரையே போன அன்று ஆக்சிலை யார் பார்ப்பது?

அப்புறம் பின் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை, பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் கிரவுன் பல்சக்கரத்தில் முனகல். மன்னார்குடியில் தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். எண்ணெய் வடிக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றியதும் ஆறிப்போன பால் டீ மாதிரி ஒன்று ஒழுகியது. தண்ணீர் கலந்த கியர் ஆயில் அப்படித்தான் வெளுத்துவிடும். ஹவுசிங், அதாவது ஆக்சிலின் வெளிக்கூடு, அதன் மேலே சுண்டுவிரல் நுனி அளவில் இருந்த பிரீதரை, காற்று போகும் வழியை, காட்டினார். சேறு அடைத்துக் கல்லாகியிருந்தது. ஓடி சூடானால் உள்ளே காற்று விரியும். போக வழியில்லாமல் ஆயில் சீல் வழியாக எண்ணெயைத் தள்ளி பிரேக் ஷூவை நனைத்திருக்கிறது.

கூலி மிச்சம் பிடிக்கலாம் என்று, கழுவுகிற வேலையை நானே செய்கிறேன் என்றேன். அண்ணன் தலையாட்டிவிட்டு, பேரிங்கைப் பிடித்திருக்கும் கேப் இரண்டும் மாறிவிடாமல் இருக்க, பஞ்ச் என்கிற கூர் உளியால் குறி தட்டினார். இடதுக்கு ஒரு புள்ளி, வலதுக்கு இரண்டு. இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடுகளான ஷிம்களை எந்தப் பக்கம் எடுத்தாரோ அந்தப் பக்கத்துக்கென்று கம்பியில் கோத்துக் கட்டிக் கொடுத்தார்.

முதல் தப்பு, டீசலில் மட்டும் கழுவியது. டீசலுக்குக் கிரீஸ் போகும், உப்பு போகாது. வயர் பிரஷ் போட்டு ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்தேன். ஒரே மாதத்தில் பெயின்ட் அம்மை போட்ட மாதிரி கொப்பளித்தது. சுரண்டிவிட்டு, சலவை சோடா கலந்த வெந்நீர், அப்புறம் நல்ல தண்ணீர் என்று திரும்பக் கழுவினேன். அதையும் ஐப்பசி அடைமழையில் செய்தேன் பாருங்கள்! ராத்திரி பளிச்சென்று விட்டுப் போன இரும்பு காலையில் மஞ்சள் பூசியிருந்தது. நம்ம ஊரில் இந்த வேலைக்குப் பங்குனி, சித்திரைதான் சரி. கழுவிய அன்றே வெயிலில் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் பிரைமர் அடித்துவிட வேண்டும்.

பெரிய தப்பு அடுத்தது. அலுத்துப்போய் ஹவுசிங்கை சாண்ட் பிளாஸ்டிங்குக்கு, அதாவது மணலைக் காற்றோடு பீய்ச்சித் துருவை உரிக்க, கொடுத்தேன். சாம்பல் நிறத்தில் அழகாக வந்தது. காற்றடித்தேன், உள்ளே காந்தம் விட்டுத் துழாவினேன், ஒன்றும் ஒட்டவில்லை. சுத்தம் என்று முடிவு கட்டினேன். மணல் காந்தத்தில் ஒட்டாது என்பது எனக்கு எங்கே உறைத்தது! குழாய் மூலையில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு இருந்த இடத்தில் அது அப்பிக்கொண்டிருந்தது. அறுநூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப அதே முனகல். பிரித்தால் புது பேரிங்கின் உருளையெல்லாம் நகத்தால் கீறின மாதிரி இருக்கிறது. அண்ணன் திட்டவில்லை. எண்ணெயில் ஒரு சொட்டை என் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, “தேய்ச்சுப் பாருங்க தம்பி” என்றார். நறநறவென்றது.

இரண்டாம் தடவை மூங்கில் குச்சியில் அப்பாவின் பழைய வேட்டித் துணியைச் சுற்றி, டீசலில் நனைத்து, துணி வெள்ளையாக வரும்வரை இழுத்தேன். ஒரு முழு வேட்டி போனது.

ஷாஃப்டில் சீல் உட்காரும் இடத்தில் எமரி தாள் போட்டுத் தேய்க்கப் போனபோது அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கே நீளவாக்கில் கீறல் விழுந்தால் எண்ணெய்க்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி. நகம் வைத்து இழுத்தேன், பள்ளத்தில் சிக்கியது. தஞ்சாவூர் லேத்தில் சிலீவ் என்கிற மெல்லிய உறை ஏற்றினோம். பேரிங் உட்காரும் இடம், பேக்கிங் முகம் எல்லாவற்றுக்கும் டேப் ஒட்டிவிட்டுத்தான் பெயின்ட்.

துரு போகப் புளியில் ஊறவைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். போல்ட், பிரேக் டிரம் மூடி இதற்கெல்லாம் சரி, துரு நன்றாக விடும். ஷாஃப்டையும் கிரவுன் பினியனையும் மட்டும் போடாதீர்கள். கடினப்படுத்திய எஃகை அமிலத்தில் ஊறவைத்தால் உள்ளுக்குள் நொறுங்கும் குணம் வந்துவிடலாம். எங்கள் வீட்டில் இந்தச் சிக்கலே எழவில்லை. குத்துவிளக்குக்கு வைத்திருந்த புளியில் கை வைத்ததற்கே அம்மா போட்ட சத்தத்தில், நான் போல்ட்டோடு நிறுத்திக்கொண்டேன்.