வீதியோரம், பூங்கா, சவக்காலை: சபை களைநாசினி அடிப்பதைப் படிப்படியாக நிறுத்துவது எப்படி?

எழுவான்கரை:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்துப் பிரதேச சபைக்கு ஒரு பிரேரணை தயாராகிறது. சபைக்குச் சொந்தமான உள்வீதி ஓரங்கள், சிறுவர் பூங்கா, விளையாட்டு மைதானம், சந்தை வளவு, சவக்காலை எல்லாவற்றிலும் புல்லுக்கு எண்ணெய் (களைநாசினி) அடிப்பதை இரண்டு வருடத்துக்குள் நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னர் கொடுக்க வேண்டும். இங்கே மண் முழுக்கக் கடற்கரை மணல், கிணறுகள் ஆழமில்லாதவை, பல வீடுகளில் கிணற்றுக்கும் வீதிக்கும் நடுவில் ஒரு வேலிதான்.

கேள்விகள் இவைதான். புல் வெட்டும் மெசினை மட்டும் நம்பி இறங்கலாமா? கோரையையும் இன்டர்லொக் கல் இடுக்குப் புல்லையும் என்ன செய்வது? நுளம்புக்குப் புகை அடிப்பதையும் இதற்குள் சேர்ப்பதா, விடுவதா? வினாகிரியும் உப்பும் கலந்து அடித்தால் போதும் என்று முகநூலில் பகிர்கிறார்களே, அது சரிவருமா?

வட்டவிதானை:
தம்பி, பிரேரணையில் "புல்பூண்டு இல்லாமல் சுத்தமாக" என்று எங்காவது எழுதியிருந்தால் முதலில் அதை வெட்டி எறியுங்கள். மருந்து தேவைப்படுவதே அந்த ஒரு வரியால்தான். வீதியோரத்துக்கு வேண்டியது உயரக் கட்டுப்பாடு. "புல் 15 சென்ரிமீற்றருக்கு மேல் போகக்கூடாது, வளைவிலும் சந்தியிலும் பார்வை மறைக்கக்கூடாது, கானுக்குள் நீர் தடைப்படக்கூடாது" என்று எழுதினால் வெட்டியே சமாளிக்கலாம். மணல் மண்ணில் ஓரத்தைப் பிடித்து வைத்திருப்பது அறுகம்புல் வேர்தான். அதைக் கருக்கிவிட்டால் மாரியில் மணல் கரைந்து கானுக்குள் போகும், தார் விளிம்பு கீழே தோண்டுப்பட்டு உடையும். பிறகு கான் வாருவதற்கும் கிரவல் போடுவதற்கும் அதே சபைதான் காசு கட்ட வேண்டும்.

காலத்தைப் பிடித்தால் வேலை பாதியாகும். ஐப்பசி மழைக்கு முளைக்கும் புல்லை மூன்று நான்கு கிழமையில், பூக்க முன்னர் ஒருதரம் வெட்டுங்கள். மாரி முடியும்போது, விதை முற்ற முன்னர் இன்னொரு தரம். இடையில் சந்தி, பாடசாலை வாசல் போன்ற இடங்களுக்கு மட்டும் மேலதிகமாக ஒன்று. கச்சான் காற்று எழும்பினால் வெயிலே மீதியைக் காயவைத்துவிடும், அந்த மாதங்களில் ஆளைப் போட்டுச் சம்பளம் கொடுப்பது வீண். பல சபைகளில் நடப்பது தலைகீழ்: விதை கொட்டிய பிறகு, திருவிழாவுக்கோ கூட்டத்துக்கோ யாரோ வருகிறார் என்று அவசரமாக அடிப்பார்கள். விதை மண்ணுக்குள் பத்திரமாகக் கிடக்கும். கிளைபோசேட் என்ற களைநாசினி பச்சை இலை வழியாகத்தான் உள்ளே போகும், விதையை ஒன்றும் செய்யாது. களிமண் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும், எங்கள் மணலில் அந்தப் பிடிமானம் குறைவு. கிணறு பக்கத்தில் என்றால் இந்த ஒரு காரணமே போதும்.

மெசினைப் பற்றி. வீதியோரத்துக்கு நைலோன் நூல்தான், 2.4 இலிருந்து 3 மில்லிமீற்றர் வரை தடிப்பு. இரும்பு பிளேட் பற்றைக்கு மட்டும். கல்லில், கம்பிவேலியில் பிளேட் பட்டால் துண்டு பறக்கும். எந்தத் தலை போட்டாலும் 15 மீற்றர் தூரத்துக்குள் ஆள் வரக்கூடாது, அதற்கு முன்னுக்கும் பின்னுக்கும் ஒவ்வொருவர் கொடியோடு நிற்க வேண்டும். முகக்கவசம், காதடைப்பான், சப்பாத்து மூன்றையும் மெசினின் விலையோடு சேர்த்தே வாங்குங்கள், தனியாக வாங்கப் போனால் வாங்கப்படவே மாட்டாது. டூ ஸ்ட்ரோக் இயந்திரத்துக்கு 50:1 என்றால் 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர் எண்ணெய், 25:1 என்றால் 200. எது என்று கையேட்டில் பார்த்துத் தாங்கியிலேயே பெயின்ட்டால் எழுதிவிடுங்கள். வெறும் பெற்றோலை ஊற்றி எஞ்சின் இறுகிப்போவதுதான் சபை மெசின்கள் மூலையில் கிடப்பதற்கு முதற்காரணம். இரண்டாவது, மணல் ஏறிய காற்று வடிகட்டி. அதைத் தினமும் கழற்றித் தட்ட வேண்டும். வெட்டும் உயரம் 5 முதல் 8 சென்ரிமீற்றர். மண் தெரிய வழித்தால் அடுத்த மழைக்குக் களைதான் முதலில் வரும்.

எத்தனை ஆள், எத்தனை நாள் என்று ஊகித்துக் கணக்குப் போடாதீர்கள். ஒரு 200 மீற்றர் துண்டை எடுத்து, இரண்டு பக்கமும் வெட்டி, கூட்டி ஏற்றி முடிய எவ்வளவு நேரம், எவ்வளவு பெற்றோல் என்று பிடித்துப் பெருக்குங்கள். நிதிக்குழு கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

வினாகிரி, உப்பு: வேண்டாம். சமையல் வினாகிரி இளம் இலையைக் கருக்கும், வேர் திரும்பத் தளிர்க்கும். உப்பு மணலில் இறங்கிக் கிணற்றுக்குப் போகும், கொங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையும் தின்னும். கிளைபோசேட்டை நிறுத்திவிட்டு உப்பைக் கொட்டுவதற்கு ஒரு பிரேரணை எதற்கு?

இன்டர்லொக் இடுக்குக்குக் கொதிநீர் நல்லது. கொதித்த சூட்டிலேயே வேரடியில் ஊற்ற வேண்டும், வாளியில் தூக்கிக்கொண்டு நடந்தால் ஆறிவிடும். இரண்டு மூன்று கிழமையில் மீண்டும் ஒருதரம். பிறகு இடுக்கைக் கிண்டி, அரித்த மணலை நிரப்பிக் கூட்டிவிடுங்கள். இடுக்கில் தூசி சேர்ந்து மண்ணானால்தான் புல் பிடிக்கும், ஆகவே அந்த இடத்துக்கு விளக்குமாறுதான் முதல் ஆயுதம். நெருப்பு வாட்டும் கருவியை யாராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம். கச்சான் காலத்தில் பக்கத்தில் ஓலைவேலி.

கோரைக்குக் குறுக்குவழி கிடையாது. கிழங்கை விட்டு இலையை மட்டும் வெட்டினால் கிழங்கு மறுபடி தள்ளும். கறுப்புப் பொலித்தீன் விரித்தாலும் அதன் கூர்முனை துளைத்துக்கொண்டு வெளியே வரும். சிறிய பாத்தி என்றால் மண் ஈரமாக இருக்கும்போது முள்ளுக்கரண்டியால் கிழங்கோடு எடுங்கள். பெரிய இடத்தில் இரண்டு மூன்று கிழமைக்கு ஒருதரம் விடாமல் தளிரை எடுத்தால் கிழங்கின் சேமிப்புத் தீரும். ஒரு தவணை விட்டால் பழையபடிதான். மைதானத்தில் கோரை நின்றால் நிற்கட்டும், வெட்டிய உயரத்தில் பந்துக்கு எல்லாம் ஒரே புல்தான்.

தோணா:
நுளம்புப் புகையை இந்தப் பிரேரணைக்குள் தடை செய்ய வேண்டாம். டெங்கு வந்ததும் முதல் கிழமையிலேயே பிரேரணை செத்துவிடும். "சுகாதார வைத்திய அதிகாரி எழுத்தில் கோரினால் மட்டும்" என்று ஒரு விதிவிலக்கு போடுங்கள். அது போதும். உறுப்பினர் தொலைபேசியில் சொன்னார் என்று ஒழுங்கை ஒழுங்கையாகப் புகை ஓட்டுவது அத்தோடு நிற்கும்.

புகை அந்நேரம் பறக்கும் நுளம்பை மட்டும் கொல்லும். முட்டை, குடம்பி அப்படியே இருக்கும். குடம்பியிலிருந்து நுளம்பாக ஏழு பத்து நாள், அதனால்தான் கிழமைக்கு ஒருதரம் தண்ணீர் தேங்கிய பாத்திரங்களைக் கவிழ்க்கச் சொல்கிறார்கள். புகை அடிப்பதாக இருந்தால் விடியலிலோ மாலையிலோ. மதிய வெயிலில் சூடான காற்றோடு புகையும் மேலே போய்விடும், கீழே இருக்கும் நுளம்புக்கு ஒன்றும் இல்லை, தேனீக்குத்தான் நட்டம்.

கானுக்கு பி.டி.ஐ. என்ற பக்ரீரியாத் தூள் இருக்கிறது, அது நுளம்புக் குடம்பியையும் அதன் கிட்டிய இனங்களையும் தவிர மற்றதைப் பெரிதாகத் தொடாது. பாவிக்காத கிணற்றுக்குக் கப்பி மீன் விடலாம், குளத்துக்குள் விட வேண்டாம், அங்கே உள்ளூர் மீனுக்குக் கேடு. தண்ணீர்த் தொட்டியில் டெமிபொஸ் என்ற குடம்பிகொல்லியின் 1 சதவீத மணிகள் போடுவதாக இருந்தால் 100 லீற்றருக்கு 10 கிராம். கைப்பிடிக் கணக்கில் போடுவதைப் பி.எச்.ஐ.மார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) பார்த்தால் விடமாட்டார்கள், விடவும் கூடாது.

எழுவான்கரை:
நன்றி தோணா நானா, வட்டவிதானை அண்ணன். இன்னும் இரண்டு விசயம். சவக்காலையில் கல்லறைகளுக்கிடையில் மெசின் போகாது, ஆடி அமாவாசைக்கும் கல்லறைத் திருநாளுக்கும் முன்னர் சனம் சுத்தம் கேட்கும். மற்றது, வயல்காரர் "2021 மாதிரி எங்களுக்கும் வருகிறதா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

கச்சான்:
இரண்டாவதுக்கு முதலில் பதில். அவர்கள் பயப்படுவதில் ஞாயம் இருக்கிறது. 2021 சித்திரையில் இரசாயனப் பசளைக்கும் கிருமிநாசினிக்கும் ஒரே இரவில் தடை வந்தது, கார்த்திகையில் கைவிட்டார்கள், அதற்குள் விளைச்சல் போய்விட்டது. அம்பாறைப் பக்கம் வயலை நம்பி இருப்பவர்களிடம் "களைநாசினி நிறுத்தம்" என்ற தலைப்பையே காட்டாதீர்கள். முதல் வாசகத்திலேயே "சபையின் சொத்துகளுக்கும் சபையின் கொள்வனவுக்கும் மட்டும், விவசாய நிலத்துக்குப் பொருந்தாது" என்று போடுங்கள். சபை தன் காசில் தான் வாங்குவதைக் கட்டுப்படுத்த ஒரு தீர்மானம் போதும். பொதுமக்களையும் கட்டுப்படுத்தப் போனால்தான் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் உபவிதி, வர்த்தமானி என்று நீளும். ஏ4 வீதியோரம் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது, வாய்க்கால் கட்டு வேறு திணைக்களத்துடையது. அவற்றை எழுதிவிட்டு நிறைவேற்ற முடியாமல் நிற்காதீர்கள், தனிக்கடிதம் அனுப்புங்கள்.

சவக்காலை எல்லா இடத்திலும் கடைசியாகத்தான் வழிக்கு வரும். பிரான்சில் 2017 ஜனவரி முதலாந்திகதி முதல் அரச, உள்ளூராட்சி நிறுவனங்கள் பூங்காவிலும் வீதியிலும் இரசாயனப் பீடைகொல்லி அடிக்க முடியாது. ஆனால் சவக்காலைக்கும் பெரும்பாலான விளையாட்டு மைதானங்களுக்கும் 2022 ஜூலையில்தான் அந்தத் தடை வந்தது. அங்கே பல நகரங்கள் சரளைக்கல் பாதையைப் புல்லாக மாற்றிவிட்டன, வெட்டினால் சரி. இங்கேயும் நடைபாதை அகலத்தை மெசின் போகும் அளவுக்கு ஒதுக்கி, கல்லறைகளுக்கிடையில் நிலத்தோடு படரும் அறுகை விட்டுவிடுங்கள். ஓரத்துக்குக் கைக்கத்தி. ஆட்களை விழாவுக்கு முதல்நாள் குவிக்காமல் பத்து நாள் முன்னர் ஒருதரம், இரண்டு நாள் முன்னர் கூட்டித் துடைக்க ஒருதரம் என்று பிரியுங்கள். மையவாடிகளை நிர்வகிப்பது பள்ளிவாசல் என்றால் அவர்களோடு பேசிக்கொள்ளுங்கள், சபை தலையிட்டதாக இருக்கக்கூடாது.

ஒப்பந்தம்தான் ஓட்டை. "துப்புரவு" என்று மட்டும் எழுதியிருந்தால் ஒப்பந்தக்காரர் நாலு பேர் சம்பளத்தை மிச்சம் பிடித்து ஒருவரிடம் மருந்து டாங்கியைக் கொடுத்து அனுப்புவார். முறையை எழுதுங்கள், "இரசாயனம் பாவித்தால் அந்தத் துண்டுக்குக் கொடுப்பனவு இல்லை" என்றும் எழுதுங்கள். பார்த்தால் தெரியும்: வெட்டிய புல்லில் தாள் நுனி அறுந்திருக்கும். கிளைபோசேட் அடித்தது நின்ற உயரத்திலேயே நாலைந்து நாளில் மஞ்சளாகத் தொடங்கி, பிறகு அடிவரை பழுப்பாகும். ஆகவே தொழில்நுட்ப உத்தியோகத்தர் வேலை முடிந்த அன்றும் போக வேண்டும், ஒரு கிழமை கழித்தும் போக வேண்டும். பணம் இரண்டாவது பார்வைக்குப் பிறகு.

களஞ்சியத்தில் இருப்பதை இப்போதே எழுதி எடுங்கள்: பெயர், செயற்படு பொருள், லேபலில் உள்ள பதிவு இலக்கம், காலாவதித் திகதி, அளவு. பழைய பரகுவாட் களைநாசினிப் போத்தல் ஏதும் மூலையில் கிடந்தால் அது தடைசெய்யப்பட்டது, கைவைக்காமல் பேராதனையில் உள்ள பீடைகொல்லிகள் பதிவாளர் அலுவலகத்துக்கு அறிவியுங்கள். எதையும் கானில் ஊற்றவோ புதைக்கவோ எரிக்கவோ கூடாது, சோடாப் போத்தலுக்கு மாற்றவே கூடாது. திறக்காததை விற்றவர் திருப்பி எடுப்பாரா என்று கேளுங்கள். வெற்றுப் போத்தல் என்றால் மூன்று தரம் அலசி, அலசிய தண்ணீரைத் தெளிகருவிக்குள்ளேயே ஊற்றி, போத்தலின் அடியில் துளையிட்டுப் பூட்டிய இடத்தில் வையுங்கள். துளை போடாவிட்டால் யாராவது மண்ணெண்ணெய் வாங்க எடுத்துப் போய்விடுவார்கள்.

சபை இதுவரை எவ்வளவு வாங்கியது என்று களஞ்சியப் புத்தகம் காட்ட மறுத்தால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள், 14 வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று சொல்லியாக வேண்டும்.

வட்டவிதானை:
ஒன்று விட்டுப்போச்சு. சபைக் குளத்தில் ஆற்றுவாழை (ஆகாயத்தாமரை) இருந்தால் அதற்கும் எண்ணெய் அடிக்க விடாதீர்கள். செத்த செடி அடியில் அழுகி ஒட்சிசனை இழுக்கும், மீன் மிதக்கும். பூக்க முன்னர் கையால் இழுத்து, கட்டிலிருந்து தள்ளிக் குவித்துக் காயவிடுங்கள். அதில் முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான், காய்ந்தபின் ஏற்றினால் உழவு இயந்திரப் பெட்டி ஓட்டங்கள் பல மடங்கு குறையும். கட்டு விளிம்பிலேயே குவித்தால் முதல் மழைக்கு மறுபடி குளத்துக்குள் போய்விடும்.