போர்டில் ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றும்போது மெமரி தீர்ந்துபோன அனுபவங்கள் (ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் பெயர்)

ஈயப்பற்று

பக்.ஜேஎஸ் என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, அதில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் எஸ்ப்ருயினோ, ரேம் 64 கேபி. வெப்பநிலையையும் ஒளியையும் அளந்து புளூடூத்தில் அனுப்பும் நிரல் இரண்டு வாரமாக ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. மாறிகள் வெளியே சிதறாமல் இருக்கட்டுமே என்று ஒரு நாள் மொத்த நிரலையும் ஒரே ஃபங்ஷனுக்குள் வைத்து, அதை அங்கேயே அழைக்கும்படி மாற்றினேன். வேறு ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. ஏற்றினால் பாதியில் மெமரி தீர்ந்துவிட்டது என்ற பிழை வந்து நிற்கிறது. மூன்று முறை ரீசெட் செய்தேன். மூன்று முறையும் அதே இடம்.

போர்டே போய்விட்டது என்று முடிவுகட்டி, புதிது வாங்கக் கிளம்பிவிட்டேன். பிறகுதான் மொத்த நிரலையும் சுற்றியிருந்த அந்த இரண்டு அடைப்புக்குறிகளை மட்டும் எடுத்துப் பார்த்தேன். ஒரே மூச்சில் ஏறியது!

காரணம் பிறகு புரிந்தது. நாம் அனுப்பும் நிரல் கன்சோலில் (போர்டுக்கு நேரடியாகக் கட்டளை கொடுக்கும் திரையில்) தட்டச்சு செய்வதுபோலத்தான் போர்டுக்குள் போகிறது. திறந்த அடைப்புக்குறி மூடும்வரை வந்த எழுத்து அத்தனையும் ரேமில் காத்திருக்கும். மூடியதும் நிரல் ஓடும்; உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபங்ஷனின் எழுத்தும் தனியாக இன்னொரு முறை நகலெடுக்கப்படும். அந்த நேரத்தில் மட்டும் இரண்டு மடங்கு இடம் வேண்டும். என் நிரல் சுமார் 13,000 எழுத்து. எஸ்ப்ருயினோ ரேமை ஒரே அளவுள்ள சிறு பிளாக்குகளாகப் பிரித்து வைத்திருக்கிறது; ஒரு பிளாக்கில் 12 எழுத்து என்று வைத்தால் ஆயிரத்துக்குக் கொஞ்சம் மேல். இருப்பதே இரண்டாயிரத்துச் சொச்சம் பிளாக் என்றால் எப்படித் தாங்கும்? தனித்தனி ஃபங்ஷனாக அனுப்பினால் ஒன்று முடிந்ததும் அதன் காத்திருப்பு இடம் காலியாகிவிடும்.

ஓடும்போது இடம் போதாது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏற்றும்போதே போதாமல் போகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

தறி

என் கதை சின்னது. சென்சாரின் ரெஜிஸ்டர் அட்டவணை முழுவதையும் ஒரு ஃபங்ஷனுக்குள் கமென்டாக (ஓடாத விளக்கக் குறிப்பாக) எழுதி வைத்திருந்தேன், பிறகு பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கட்டும் என்று. ஃபங்ஷனின் வேலை ஒன்பது வரி. பிடிக்கும் இடத்தைக் காட்டும் ஈ.கெட்சைஸ்ஆஃப் போட்டுப் பார்த்தபோது 190 பிளாக் என்று காட்டியது. கமென்டை எடுத்ததும் 38. அந்த 38-ஐத் திரையில் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்தே இருந்தேன். எஸ்ப்ருயினோ நிரலை பைட்கோடாக (எஞ்சின் நேரடியாக ஓட்டும் சுருக்க வடிவமாக) மாற்றுவதில்லை, எழுதிய எழுத்தையே வைத்துக்கொண்டு ஓடுகிறது. கமென்டும் எழுத்துதானே. அதனால் கமென்ட் ஒன்றையும் விடாதீர்கள், எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்.

மரக்கிளை

தறி, "எல்லாவற்றையும்" என்பதை ஏற்க முடியாது. ஃபங்ஷனுக்கு உள்ளே இருக்கும் கமென்ட்தான் ரேமில் தங்கும். வெளியே எழுதியது அந்த நேரத்தோடு போய்விடும். உங்கள் அட்டவணையை ஃபங்ஷனுக்கு நாலு வரி மேலே நகர்த்தியிருந்தாலே போதும். புதிதாக வருபவர் இதைப் படித்துவிட்டு விளக்கமே இல்லாத நிரல் எழுதத் தொடங்கினால், ஆறு மாதம் கழித்து அவருக்கே அது புரியாது.

மினிஃபை (நிரலின் எழுத்தைச் சுருக்கி, மாறிகளுக்கு ஓரெழுத்துப் பெயர் வைப்பது) செய்யச் சொல்லும் ஆட்களும் இப்போது வருவார்கள் என்பதால் என் அனுபவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஐடிஇ-யில் (நிரல் எழுதி அனுப்பும் மென்பொருளில்) மினிஃபை போட்டு ஏற்றினேன், இடம் நன்றாகவே மிச்சமானது. மூன்றாம் நாள் ஒரு பிழை: "பி என்பது வரையறுக்கப்படவில்லை". என் நிரலில் பி என்று ஒன்றுமே கிடையாது. இருபது மாறிகளில் எது பி ஆனது என்று தேடி ஒரு முழு மாலை போனது. இப்போதெல்லாம் பெயர்களை மாற்றாமல், வெற்றிடத்தையும் கமென்டையும் மட்டும் நீக்கும்படி அமைத்திருக்கிறேன்.

உண்மையான தீர்வு ஃபிளாஷ், அதாவது மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம். ஐடிஇ-யில் ரேமுக்குப் பதிலாக ஃபிளாஷைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் ஃபங்ஷனின் எழுத்து ஃபிளாஷிலேயே இருக்கும், ரேமில் அது இருக்கும் இடத்தின் குறிப்பு மட்டும்தான். ஈயப்பற்று சொன்ன இரட்டை நகல் தொல்லையும் அதிலேயே தீர்ந்துவிடும்.

சிறுதுளி

ஃபிளாஷ் என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது சேவ் கட்டளைதான். அது வேறு, மரக்கிளை சொல்வது வேறு. சேவ் என்பது ரேமில் அந்த நொடியில் இருப்பதை அப்படியே படம்பிடித்து ஃபிளாஷில் வைப்பது. ரேம் கொஞ்சமும் மிச்சமாகாது.

நிமிடத்துக்கு ஓர் அளவு அனுப்ப போர்டு எழும்போதெல்லாம் ஓடும் ஆன்இனிட்டுக்குள், டைமரைத் தொடங்கும் செட்இன்டர்வல் வைத்திருந்தேன். கன்சோலில் ஒரு எண்ணை மாற்றுவேன், சேவ் கொடுப்பேன். மறுபடி மாற்றம், மறுபடி சேவ். ஏழாவது சேவுக்குப் பிறகு ஒரே நிமிடத்தில் ஏழு அளவுகள் வந்து விழுந்தன. ஏழும் ஒரே எண், 27.35. ஒவ்வொரு சேவும் ஓடிக்கொண்டிருந்த டைமரையும் சேர்த்தே காப்பாற்றியிருக்கிறது. திரும்ப எழும்போது ஆன்இனிட் புதிதாக ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. காலி இடம் ஏன் தினமும் குறைகிறது என்று நான் வேறு எங்கெங்கோ தேடிக்கொண்டிருந்தேன். ஆன்இனிட்டின் முதல் வரியில், பழைய டைமர்களை நிறுத்தும் கிளியர்இன்டர்வல் போட்டதும் சரியானது. அந்த ஏழு வரிகள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

கருங்கல்

எனக்கு நடந்தது: ஆயிரம் அளவுகளைச் சாதாரண அரேயில் (வரிசைப் பட்டியலில்) சேர்த்தேன், 900-ஐத் தாண்டியதும் நின்றுவிட்டது. அவ்வளவுதான். ஆனால் இங்கே எல்லோரும் நிரலின் எழுத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், தரவைப் பற்றி யாரும் பேசவில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சாதாரண அரேயில் ஒரு தசம எண்ணுக்கு இரண்டு பிளாக் போகும், இடத்தின் எண்ணுக்கு ஒன்று, மதிப்புக்கு ஒன்று. பிளாக் 16 பைட் என்றால் ஆயிரம் எண்ணுக்கு 32,000 பைட். அதையே, முழு எண்ணை மட்டும் இரண்டு பைட்டில் வைக்கும் இன்ட்16அரேயாக வைத்தால் 2,000 பைட்தான். தசமம் வேண்டுமே என்பீர்கள். நூறால் பெருக்கி வையுங்கள், சிறுதுளியின் 27.35 அங்கே 2735 ஆகிவிடும். அனுப்பும்போது வகுத்துக்கொள்ளலாம். அப்புறம், பெரிய அரேயை நிரலின் தொடக்கத்திலேயே உருவாக்குங்கள். அடுத்தடுத்த இடம் ஒரே துண்டாகக் கிடைத்தால்தான் அது சிக்கனமாக உட்காரும். நேரம் போகப்போக ரேம் துண்டு துண்டாகிவிடும். 128க்கு 64 புள்ளித் திரைக்கு, புள்ளிக்கு ஒரு பிட் வீதம் படத்தை வைக்கும் பஃபர் 1,024 பைட், அதற்கும் இதே விதிதான். மாறாத அட்டவணை, எழுத்துரு, படம் போன்றவற்றை ஸ்டோரேஜில் (ஃபிளாஷில் உள்ள கோப்பு இடத்தில்) எழுதி ரீட் கொண்டு படியுங்கள். உள் ஃபிளாஷ் இருக்கும் போர்டில் அது ரேமுக்கு நகலாகாமல் இருந்த இடத்திலிருந்தே படிக்கப்படும். ரீட்ஜேசன் அப்படி இல்லை, முழுவதையும் ரேமில் விரித்துவிடும். அளவுகளையும் ஸ்டோரேஜில் எழுதுவதாக இருந்தால் நொடிக்கு ஒன்று எழுதாதீர்கள், சேர்த்து வைத்து எழுதுங்கள். என்ஆர்எஃப்52832 சிப்பின் ஃபிளாஷ் பக்கம் ஒவ்வொன்றும் 10,000 முறை அழித்து எழுதத்தான் உத்தரவாதம்.

வளைதடம்

எழுத்தையே வைத்து ஓடுவதால்தானே இத்தனை பாடு? நான் ஜெர்ரிஸ்கிரிப்ட் என்ற வேறொரு ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினில் இருக்கிறேன். அது பைட்கோடாக மாற்றிவிடும். கணினியிலேயே அந்த பைட்கோடை ஸ்னாப்ஷாட்டாக எடுத்து ஏற்றினால், நிரலின் எழுத்தைப் படித்துப் பிரிக்கும் பார்சர்கூடப் போர்டில் தேவையில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. ஒரு நாள் போர்டின் எஞ்சினைப் புதுப்பித்தேன், கணினியில் ஸ்னாப்ஷாட் எடுக்கும் கருவியைப் பழையதாகவே விட்டுவிட்டேன். போர்டு ஸ்னாப்ஷாட்டை ஏற்கவே மறுத்துவிட்டது. இரண்டும் ஒரே பதிப்பாக, ஒரே அமைப்பாக இருக்க வேண்டுமாம். நிரலில் தவறு என்று நினைத்து இரண்டு நாள் நிரலையே வெட்டிக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

மரக்கிளை

வளைதடம், எழுத்தாக இருப்பதால்தான் ஓடும் போர்டில் கன்சோலைத் திறந்து ஒரு ஃபங்ஷனை மட்டும் மாற்ற முடிகிறது. சிறுதுளி செய்ததை ஸ்னாப்ஷாட்டில் செய்து பாருங்கள்.

ஈயப்பற்று

மரக்கிளை சொன்னபடி ஃபிளாஷுக்கு அனுப்பினேன். அதே நிரல், அதே அடைப்புக்குறிகள், ஏறிவிட்டது. மெமரி நிலவரத்தைக் காட்டும் பிராசஸ்.மெமரியில் பயன்பாடு 1,460 பிளாக்கிலிருந்து 410-க்கு இறங்கியது. கருங்கல், அரேயை இன்னும் மாற்றவில்லை, இந்த வாரம் மாற்றுகிறேன்.

அதே பட்டியலில் ஹிஸ்டரி என்று ஓர் எண் இருக்கிறது, இதுவரை கவனித்ததே இல்லை. கன்சோலில் நான் தட்டச்சு செய்த பழைய வரிகள் பிடித்துக்கொண்டிருக்கும் இடமாம். என்னிடம் 61 காட்டுகிறது. உங்களுக்கு எவ்வளவு காட்டுகிறது?