ப்ளூஸ் டர்ன்அரவுண்ட்: மவுத் ஆர்கனில் கடைசி இரண்டு பாரை எப்படி முடிப்பது?

சி_ஹார்ப்:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பத்துத் துளை டயட்டானிக் மவுத் ஆர்கன், சி கீ. ஜி-யில் ஒரு பேக்கிங் டிராக்கைப் (பக்கவாத்தியப் பதிவு) போட்டுக்கொண்டு செகண்ட் பொசிஷனில், அதாவது சி கீ வாத்தியத்தில் ஜி-யை ஆதாரமாக வைத்து வாசிக்கிறேன். பன்னிரண்டு பார் சுற்றில் (ஒரு பார் என்பது நான்கு பீட்) முதல் எட்டு பார் ஒரு மாதிரி ஓடிவிடுகிறது. அடுத்த சுற்றுக்குத் திருப்பிவிடும் கடைசி இரண்டு பாரில், அந்த டர்ன்அரவுண்டில்தான் தடுமாற்றம். எதை வாசித்தாலும் பாட்டே முடிந்துவிட்ட மாதிரி இருக்கிறது; டிராக் அது பாட்டுக்கு அடுத்த சுற்றுக்குப் போய்விடுகிறது.

நண்பன் கிதாரில் அந்த இடத்தில் எஃப், ஈ, ஈ ஃபிளாட், டி என்று படிப்படியாக இறங்குகிறான். அதை நான் முயன்றால் நடுவில் ஒரு சுரம் சிக்கவே மாட்டேன் என்கிறது. எனக்குத்தான் வரவில்லையா? இன்னொரு தொல்லை, அங்கே வரும்போது நெஞ்சு நிறையக் காற்று, மேற்கொண்டு இழுக்க முடிவதில்லை.

பழைய_ரீட்:
தம்பி, அந்த ஈ ஃபிளாட் உங்கள் வாத்தியத்தில் சும்மா ஊதினாலோ இழுத்தாலோ கிடைக்காது. 5 டிரா (5-ஆவது துளையில் இழுப்பது) எஃப், 5 ப்ளோ (அதிலேயே ஊதுவது) ஈ, 4 டிரா டி. நடுவில் இருப்பதை 4-ஆவது துளையில் ஓவர்ப்ளோ (வழக்கமான சுரத்துக்கு மேலே ஒன்று வரும்படி தனி விதமாக ஊதுவது) செய்துதான் எடுக்க வேண்டும். கீழ் ஸ்தாயியிலும் இதே கதைதான். கர்நாடகக் கணக்கில், ஜி-யை ச என்று வைத்தால், கைசிகி நி, சதுச்ருதி த, சுத்த த, ப என்று கிதார் இறங்குகிறது. நமக்குச் சுத்த தைவதம் இல்லை. அதை விட்டுவிட்டு மற்ற மூன்றை மட்டும் வாசித்துப் பாருங்கள். கிதார் பக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்தால் அந்த ஓட்டை யார் காதிலும் விழாது. ஓவர்ப்ளோவுக்காக இப்போது மெனக்கெட வேண்டாம்.

உங்கள் உண்மையான சிக்கல் வேறு. 12-ஆவது பாரில் நீங்கள் 2 டிராவில் போய் உட்கார்ந்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அது ஜி, அதாவது ஷட்ஜம். ஷட்ஜத்தில் நின்றால் பாட்டு முடியாமல் என்ன செய்யும்? அங்கே டி7 கார்டு ஓடுகிறது, பஞ்சமத்தில் தொங்கவிட வேண்டும். 1 டிரா போதும், அதுதான் டி. தொங்கினால்தான் காது அடுத்த சுற்றைக் கேட்கும்.

நான் வாசிப்பது இப்படி: 11-ஆவது பாரின் முதல் பீட்டில் 2 டிரா. இரண்டாவது பீட்டில் ஒன்றும் வேண்டாம், சும்மா விடுங்கள். மூன்றிலும் நான்கிலும் 4 டிரா, 4 ப்ளோ, 3 டிரா வளைத்து (சுரத்தைக் கொஞ்சம் கீழே இறக்கி). 12-ஆவது பாரின் முதல் பீட்டில் மறுபடி 2 டிரா, இரண்டாவது பீட்டில் 1 டிரா, அதைக் கடைசி வரை பிடியுங்கள். அந்த 3 டிராவை முழுசாகச் சாதாரண காந்தாரத்துக்கு (பி ஃபிளாட்) இறக்கிவிடாதீர்கள். அதற்கும் அந்தர காந்தாரத்துக்கும் (பி) நடுவே எங்கோ நிற்கிற சுரம் அது. ப்ளூஸ் வாசனை அங்கேதான் இருக்கிறது. கீபோர்டில் அதற்குக் கட்டையே கிடையாது. டிரெமோலோ மவுத் ஆர்கனிலிருந்து வருபவர்களுக்கு இது புதுசாக இருக்கும், அதில் ஒரு சுரத்துக்கு இரண்டு ரீட் (அதிரும் தகடு) என்பதால் இப்படி ஒழுங்காக வளையாது.

மூச்சு விஷயம். 9-ஆவது பார் டி, அங்கே இழுக்கிறீர்கள். 11, 12 இரண்டும் பெரும்பாலும் இழுப்புதான். இடையில் இருக்கிற 10-ஆவது பார் சி கார்டு. எந்தத் துளையில் ஊதினாலும் சி கார்டின் சுரம்தான் வரும். உள்ளே சேர்ந்த காற்றை அங்கேயே கொட்டிவிடுங்கள். அதுவும் போதவில்லையா, 11-ஆவது பாரில் 2 டிராவுக்குப் பதில் 3 ப்ளோ. இரண்டும் ஒரே ஜி. நாதம் கொஞ்சம் மெலிசாக இருக்கும், வளைக்கவும் முடியாது. ஆனால் மூச்சு முட்டுகிறவனுக்கு அது தேவலை.

ஆறுகம்பி:
குறுக்கே வருகிறேன், கிதார் வாசிப்பவன். எங்களில் பலர் அந்த இரண்டு பாரையும் இரண்டிரண்டு பீட்டாக உடைத்து ஜி, சி, ஜி, டி என்று போடுவோம். பழைய_ரீட் அண்ணன் சொன்ன இறக்கம் அதற்கும் ஒத்துப்போகும், சி7 கார்டில் பி ஃபிளாட் இருக்கிறது. ஆனால் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு சுற்றிலும் டர்ன்அரவுண்டை நிரப்பாதீர்கள். பாடுபவர் பாடி முடித்த இடத்தில் நானும் ஒன்று போடுவேன், நீங்களும் ஒன்று போட்டால் சந்தைக்கடை ஆகிவிடும். கண்ணால் பார்த்துப் பேசிக்கொள்ளலாம்.

பழைய_ரீட்:
நூறு சதம் சரி. ப்ளூஸ் மவுத் ஆர்கன் கலைஞர் லிட்டில் வால்டரின் 1952 பதிவு ‘ஜூக்’ கேளுங்கள் தம்பி. அது ஈ-யில் ஓடும், கூடவே வாசிக்க ஏ ஹார்ப் (ஏ கீ மவுத் ஆர்கன்) வேண்டும். முதல் தடவை மவுத் ஆர்கனை மேசையில் வைத்துவிட்டு, ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே, 11-ஆவது பார் எங்கே வருகிறது என்று மட்டும் பிடியுங்கள். அது தெரியாமல் எந்த லிக்கைக் (சின்ன சுரக்கோவை) கற்றும் பிரயோசனம் இல்லை.

சி_ஹார்ப்:
நன்றி அண்ணே, 1 டிராவில் நிறுத்தினேன், டிராக் அப்படியே கூட வருகிறது! ஆனால் 1 டிரா சத்தமே எழும்பவில்லை, கிதாருக்கு அடியில் அமுங்கிவிடுகிறது. அப்புறம், நிஜமாகவே பாட்டு முடியும்போது என்ன செய்வது?

பழைய_ரீட்:
1-ஐயும் 4-ஐயும் சேர்த்து இழுங்கள், வாயை நான்கு துளைக்கு அகலமாக வைத்து 2, 3-ஐ நாக்கால் மூடிக்கொண்டு. இரண்டுமே டி, ஒரு ஸ்தாயி தள்ளி. அது எந்தக் கிதாரையும் தாண்டிக் கேட்கும். நாக்கு இடம் பிடிக்கக் கொஞ்ச நாள் ஆகும், உதட்டைக் குவித்தே வாசித்துப் பழகியவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

கடைசிச் சுற்றில் 11-ஆவது பார் அதேதான். 12-இல் மட்டும் 1 டிராவுக்குப் போகாமல் 2 டிராவிலேயே நின்றுவிடுங்கள். எது கடைசிச் சுற்று என்று ஆறுகம்பி மாதிரி ஆட்கள் தலையாட்டிக் காட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.