மொன்செராட் தீவு: செயின்ட் பீட்டர் பேரிஷ் கோயில் பங்கா, தாலுகாவா?

ராயபுரம்_அலை: பள்ளிக் கண்காட்சிக்கு மொன்செராட் எரிமலைத் தீவு மாடல் செய்யணும். மேப்புல செயின்ட் பீட்டர், செயின்ட் ஜார்ஜஸ், செயின்ட் ஆன்டனின்னு மூணு பேரிஷ். நம்ம ராயப்பர் கோயில் பங்கு மாதிரியா? ஜனமெல்லாம் வடக்குல செயின்ட் பீட்டர்லயே இருக்கே, ஏன்? எரிமலைக்கு சோடா உப்பும் வினிகரும் போதுமா?

தண்டையார்பேட்டை_வரைபடம்: பேரும் ராயப்பர் பேர்தான்! இங்கிலாந்து சபையோட பங்குப் பிரிவுதான் பிரிட்டிஷ் கரீபியன் தீவுகள்ல நிர்வாக எல்லையா நின்னுடுச்சு. நீங்க தாலுகான்னே விளக்கலாம்.

முன்னாடி செயின்ட் பீட்டர் ஒதுக்குப்புறம். தலைநகர் பிளிமத் தென்மேற்குல, விமான நிலையம் கிழக்குக் கரையில. 1995 ஜூலை 18-ல தெக்கே இருக்கற சூஃப்ரியேர் ஹில்ஸ் எரிமலை வெடிக்க ஆரம்பிச்சுது. 1996 ஏப்ரல்ல பிளிமத்தை மொத்தமா காலி பண்ணாங்க. 1997 ஜூன் 25-ல 19 பேர் செத்தாங்க. அதே வருஷம் பிளிமத்தும் விமான நிலையமும் அழிஞ்சுது. நடுவுல சென்டர் ஹில்ஸ் மலை மறிச்சு நிக்கறதாலதான் வடக்கு தப்பிச்சுது. வடக்கே இருக்கற சில்வர் ஹில்ஸும் எரிமலைதான், ஆனா ஓய்ஞ்சு பத்து லட்சம் வருஷத்துக்கு மேல ஆச்சு.

1991-ல தீவுல சுமார் 10,600 பேர். 2011-ல சுமார் 4,900. இப்ப அரசு அலுவலகம் வடக்கே பிரேட்ஸ்ல, புது விமான நிலையம் 2005-ல ஜெரால்ட்ஸ்ல. ஓடுபாதை சுமார் 550 மீட்டர்தான், சின்ன விமானம் மட்டும் இறங்கும். சட்டப்படி தலைநகர் இன்னும் பிளிமத்தான், அதை மாத்தி எழுதிடாதீங்க.

எண்ணூர்_களிமண்: சோடா வினிகர் வேணாங்க. அது தண்ணியா ஓடற லாவா காட்டும். இங்க வர்றது ஆண்டிசைட்ங்கற வகை லாவா, கெட்டியா மேலயே குவிஞ்சு, சரிஞ்சா அனல் சாம்பலா பள்ளத்துல பாயும்.

1 செ.மீ.க்கு 200 மீட்டர் வெச்சா பலகை 80 × 55 செ.மீ. ஆகும். 1,000 மீட்டர் மலை 5 செ.மீ.தான் வரும், எடுபடாது. உயரத்தை மட்டும் இரட்டிச்சு, அதை ஓரமா எழுதிடுங்க. உச்சியில 3 செ.மீ. ஓட்டை. களிமண்ணைக் கொழுக்கட்டை மாவுப் பதத்துல பிசைஞ்சு, நுனி வெட்டின பெரிய சிரிஞ்சால அடியிலிருந்து மெதுவா தள்ளுங்க. தண்ணி கூடினா படுத்துடும், குறைஞ்சா அடைச்சுக்கும். குவிஞ்சதும் மேல காஞ்ச மைதா போட்டுத் தட்டினா பள்ளத்துல சரியும். பள்ளம் மேற்கே பிளிமத் பக்கமும் கிழக்கே டார் ரிவர் பக்கமும் வெட்டுங்க. அனல்மின் நிலையச் சாம்பலை மட்டும் தூவாதீங்க, பிள்ளைங்க மூச்சுல போகும்.

ராயபுரம்_அலை: ரொம்ப நன்றிங்க. பிளிமத்தை எப்படி காட்டறது?

எண்ணூர்_களிமண்: தீப்பெட்டி வீடு வெச்சு, பாதி உயரத்துக்கு சாம்பல் நிறக் களிமண்ணால மூடுங்க. அனல் சாம்பலும் மழையில இறங்கின சாம்பல் சேறும் சேர்ந்துதான் ஊர் அப்படிப் புதைஞ்சுது.